வட்டம் போடாத தேதி

“பணத்தை எதுக்கும்மா ஒருத்தர் பாத்துக்கணும்? அது அழுமா?”

மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது கேட்டது. பள்ளிக்கூடத்தில் ‘என் அம்மாவின் வேலை’ என்று நாலு வரி எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். மற்றக் குழந்தைகளுக்கு நாலு வரி சுலபமாக வந்துவிட்டது. ஒருத்தியின் அம்மா பல் பிடுங்குகிறாள், இன்னொருத்தியின் அம்மா பஸ் ஓட்டுகிறாள். ‘எங்க அம்மா மத்தவங்க பணத்தைப் பாத்துக்கறாங்க’ என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, பென்சிலைக் கடித்துக்கொண்டு குழந்தை நிமிர்ந்தது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவாள். அந்தக் குழந்தை அழும், அதனால் ஆள் வேண்டும். பணத்துக்கு என்ன கேடு?

“அழாது கண்ணு, ஓடிப்போயிடும்” என்று அன்றைக்கு அவள் சமாளித்துவிட்டாள். ஒன்பது வருஷம் கழித்துக் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பாள். பணம் அழாது. பணத்துக்குச் சொந்தக்காரர்கள்தான் அழுவார்கள். அதுவும் காலை ஒன்பது ஐந்துக்கு, போனில்.

அவளுடைய அட்டையில் ‘செல்வ மேலாண்மை ஆலோசகர்’ என்று பளபளப்பாக அச்சடித்திருக்கும். அதை வாசித்த சொந்தக்காரர்கள் அவளே செல்வத்தில் புரளுவதாக நினைத்துக்கொண்டார்கள். நாத்தனார் எந்த வீட்டு விசேஷத்திலும் அவளை ஒரு மூலைக்கு இழுத்துப் போய், “அண்ணி, எதுல போட்டா ரெண்டு மடங்காகும்? எனக்கு மட்டும் சொல்லுங்க” என்பாள். வீட்டுக்காரர், “ஊருக்கெல்லாம் வழி சொல்றே, நம்ம வாஷிங் மெஷின் தண்ணி கக்குது, அதுக்கு ஒரு வழி சொல்லேன்” என்பார். அலுவலகத்திலோ அவள் நாலாவது மாடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், எப்போதும் குளிர்கிற ஓர் இடத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நூற்றுப் பத்துப் பேருடைய சேமிப்பைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நூற்றுப் பத்தில் நூற்றொன்பது பேர் ஒரு பக்கம், அச்சகக்காரர் ஒரு பக்கம்.

நாற்பத்தொரு வருஷம் அச்சகம் நடத்திவிட்டு, கட்டடத்தோடு விற்றவர். வாங்கினவர்கள் அதை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். ஆட்களுக்கெல்லாம் கணக்குத் தீர்த்து, கடனை அடைத்து, மிஞ்சியதை ஒரு காசோலையாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். முதல் நாள் எல்லாருக்கும் கொடுக்கிற படிவத்தை அவருக்கும் கொடுத்தாள். அதில் ஒரு கேள்வி இருக்கும்: ‘சந்தை இருபது சதவீதம் விழுந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அ. விற்பேன். ஆ. காத்திருப்பேன். இ. மேலும் வாங்குவேன்.’ மனிதர் மூன்றையும் விட்டுவிட்டு, கீழே முத்து முத்தாக ‘ஈ. உங்களுக்குப் போன் செய்வேன்’ என்று எழுதிக் கொடுத்தார்.

சொன்ன சொல் தவறாதவர். சந்தை விழுந்தாலும் செய்தார், ஏறினாலும் செய்தார், சும்மா கிடந்தாலும் செய்தார். ஒன்பது மணிக்கு வேலை தொடங்கும். அவள் பையை வைத்து, சால்வையைப் போர்த்தி, கண்ணை மூடி, ‘ஆண்டவனே, இன்னைக்குப் பொறுமையைக் கொடு’ என்று கேட்டு முடிப்பதற்குள் போன் அடிக்கும்.

“ஒன்பது அஞ்சு வந்தாச்சு” என்று பக்கத்து மேஜைக்காரர் குரல் கொடுப்பார். அச்சகக்காரருக்கு அலுவலகம் முழுக்க அதுதான் பேர்.

“மேடம், டிவியில சிவப்பாக் காட்டறானே?”

“நேத்து பச்சையாக் காட்டினான் சார். அப்பவும் போன் பண்ணீங்க.”

“பச்சையாக் காட்டினா எப்ப சிவப்பாகும்னு பயமா இருக்கு. சிவப்பாக் காட்டினா சிவப்பா இருக்கேன்னு பயமா இருக்கு.”

“அப்ப டிவியை அணைச்சிடுங்க சார்.”

“அணைச்சா என்ன காட்டறான்னே தெரியாதே மேடம்!”

போன் போதாதென்று காகிதம் வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுவனம் அனுப்புகிற அறிக்கை பதினாறு பக்கம். அதை எழுதினவர்களே வாசித்திருக்க மாட்டார்கள். அவர் வாசிப்பார். அச்சகத்தில் பிழை பார்த்துப் பழகின கை சும்மா இருக்குமா? காற்புள்ளி விட்ட இடம், கட்டம் கோணலான இடம், தேதி ஒரு பக்கம் ஒரு மாதிரியும் இன்னொரு பக்கம் வேறு மாதிரியும் போட்ட இடம், எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் குறி போட்டு, உறையில் வைத்துத் திருப்பி அனுப்புவார். அது வரவேற்பு மேஜையில் முத்திரை வாங்கி, ஸ்கேன் ஆகி, மேலாளர் கண்ணில் பட்டு, சிரிப்பாய்ச் சிரித்து, கடைசியில் அவள் தலையில் வந்து விடியும்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை, அவருடைய விற்பனைக் கடிதங்கள். இரண்டு வருஷத்தில் பன்னிரண்டு. ‘என் பெயரில் உள்ள யூனிட்டுகள் அனைத்தையும் இன்றே விற்றுப் பணத்தை என் வங்கிக் கணக்குக்கு அனுப்பவும்.’ ‘இன்றே’ என்பதன் கீழே இரண்டு சிவப்புக் கோடு. முதல் கடிதத்தை நம்பி அவள் விற்கப்போனாள். பொத்தானை அழுத்துவதற்கு ஒரு நிமிஷம் முன்னால், “மேடம், வித்துடலையே? ராத்திரி யோசிச்சேன், இருக்கட்டும்” என்று போன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். அதற்குப் பிறகுதான், அவர் பணத்தின் பெரும்பகுதியை ஐந்து வருஷம் தொட முடியாத பத்திரங்களில் பூட்டச் சொன்னாள். சந்தையோடு ஏறி இறங்குகிற ஒரே ஒரு ஃபண்டில் மட்டும் கொஞ்சம் வெளியே இருந்தது. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டுதான் அவர் இத்தனை உயிரையும் வாங்கினார்.

கடைசியில் அவளாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். கடிதம் வந்தால் ஸ்டேப்ளருக்கு அடியில் வைப்பது. மறுநாள் ஒன்பது ஐந்துக்கு அவர் போன் செய்து வாபஸ் வாங்குவார். கடிதத்தைக் கிழித்துப் போடுவது. ஒன்பது முறை அப்படியே நடந்தது. ஒன்பது முறையும் அவருக்கு நஷ்டம் தப்பியது. அவளுக்கே தன் கெட்டிக்காரத்தனத்தின் மேல் கொஞ்சம் பெருமை உண்டு. தவறுகள் பெரும்பாலும் பெருமை இருக்கிற வீட்டுக்கதவைத்தான் முதலில் தட்டுகின்றன, யாருக்குத் தெரிகிறது?

பதின்மூன்றாவது கடிதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. முந்தின வாரம் முழுக்கச் சந்தை சரிந்துகொண்டிருந்தது. போன் பேசிப் பேசி அவளுக்குக் காது இரண்டும் சூடேறிப் போயிருந்தன. கடிதத்தை அவரே எட்டே முக்காலுக்கு வந்து கீழே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். திங்கட்கிழமை முத்திரை பளிச்சென்று இருந்தது. ‘இன்றே’ என்பதன் கீழே வழக்கம்போல இரண்டு கோடு.

“பதிமூணா?” என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

“பதிமூணு” என்று அவள் அதை ஸ்டேப்ளருக்கு அடியில் தள்ளினாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது ஐந்துக்குப் போன் வரவில்லை. ஒன்பது பத்துக்கும் வரவில்லை. அவள் ஒரு காபியைச் சூடாகக் குடித்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் சூடாகக் காபி குடித்து எத்தனை நாளாயிற்று! பக்கத்து மேஜைக்காரர் எழுந்து போய்ப் போன் ஒயரைச் சோதிப்பதுபோல் நடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். புதன்கிழமை ஒன்பது ஐந்துக்கும் போன் இல்லை. ‘ஆண்டவன் காது கொடுத்துட்டான்’ என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒரு மனிதர் இரண்டு வருஷமாக ஒரு நாள்கூடத் தவறாமல் செய்ததை இரண்டு நாளாகச் செய்யவில்லையே, என்ன ஆயிற்று என்று மட்டும் நினைக்கவில்லை.

அன்று பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. பின்னால் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம், தள்ளுவண்டிச் சக்கரச் சத்தம்.

“மேடம், பணம் நேத்தே வந்துடும்னு பாத்தேன், வரலையே. ஆஸ்பத்திரியில நிக்கறேன். நம்ம அச்சகத்துல புத்தகம் தைச்ச பைண்டிங்கம்மா சனிக்கிழமை படியில விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பணம் கட்டினாத்தான் வெள்ளிக்கிழமை ஆபரேஷன்ங்கறாங்க. இல்லேன்னா அடுத்த வாரம் தள்ளிடுவாங்களாம். அவங்களால திரும்பிப் படுக்கக்கூட முடியலை மேடம்.”

அவள் கை தானாக ஸ்டேப்ளரை நகர்த்தியது. கடிதம் அங்கேயே, அப்படியே, இரண்டு சிவப்புக் கோட்டோடு கிடந்தது.

“நாளைக்குக் காலையில வந்துடும் சார்” என்றாள். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அல்ல.

இரண்டு மணிக்குள் விற்றால் மறுநாள் பணம் போய்ச் சேரும். விற்றாள். திங்கட்கிழமையிலிருந்து புதன்கிழமைக்குள் அந்த ஃபண்ட் பத்தில் ஒரு பங்கு விழுந்திருந்தது. திங்கட்கிழமை விற்றிருந்தால் ஆஸ்பத்திரி கேட்ட தொகை சரியாக இருந்திருக்கும். இப்போது குறைந்தது. குறைந்த தொகை அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

திரையில் ஒரு கட்டம் மின்னிக்கொண்டிருந்தது. ‘விண்ணப்பம் கிடைத்த நாள்.’ அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். எல்லாரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். அவள் விரல் புதன்கிழமைத் தேதியை அடித்தது. பதினேழு வருஷ வேலையில் அவள் எழுதின முதல் பொய் அது, எட்டு எண்கள்தான்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பது ஐந்துப் போன் மறுபடி வரத் தொடங்கியது; ஆபரேஷன் என்னவாயிற்று என்று கேட்க மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. விற்பனைச் சீட்டு தபாலில் அவருக்குப் போகும். அவர் வாசிப்பார். காற்புள்ளியையே விடாதவர் தேதியை விடுவாரா? தன் கடிதத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவார். தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். அது கீழே முத்திரை வாங்கி, ஸ்கேன் ஆகி, மேலாளரிடம் போகும். உரிமம் போகும். வேலை போகும். மகள் பத்தாவது படிக்கிறாள்.

“என்ன, ஊமைக்கோட்டான் மாதிரி இருக்கே? ஆபீஸ்ல ஏதாவதா?” என்றார் வீட்டுக்காரர்.

“ஒண்ணுமில்லை. வாஷிங் மெஷின் சத்தம் தலையை வலிக்குது.”

“அது நாலு நாளா ஓடவே இல்லையே!”

அடுத்த வெள்ளிக்கிழமை உறை வந்தது. முத்திரை குத்தி, ஸ்கேன் ஆகி, மேலாளர் சிரித்துவிட்டு அனுப்பியிருந்தார். “உங்க ஆள் இந்தத் தடவை மூணு வட்டம்தான் போட்டிருக்கார். உடம்பு சரியில்லையோ என்னவோ” என்று ஒரு சீட்டு வேறு ஒட்டியிருந்தார். அவள் விற்பனைச் சீட்டை விரித்தாள். முகவரியில் விட்டுப்போன ஒரு புள்ளிக்கு வட்டம். கோணலான கட்டத்துக்கு வட்டம். நிறுவனத்தின் பெயர் இரண்டு இடத்தில் இரண்டு அளவு எழுத்தில் இருந்ததற்கு வட்டம்.

தேதியைச் சுற்றி ஒன்றும் இல்லை. தேதிக்கு மேலே இருந்த வரியில் வட்டம், கீழே இருந்த வரியில் வட்டம். நடுவில் தேதி, குளித்துத் துடைத்த குழந்தை மாதிரிச் சுத்தமாக இருந்தது.

தப்பித்தோம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வட்டம் போட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். போடாமல் விட்ட அந்த வெற்றிடம் அவளைப் போட்டு வாட்டியது. மறுநாள் சனிக்கிழமை. முகவரியைப் பார்த்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் முறை.

இரண்டாவது மாடியில் சின்ன வீடு. முன்னறையில் ஒரு நீள மேஜை, வளைகிற விளக்கு, பூதக்கண்ணாடி, சிவப்புப் பேனா நாலு. மேஜையில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று விரித்துக் கிடந்தது. அதிலும் வட்டங்கள்.

“அடடே, மேடமா! வாங்க, வாங்க. போன் பண்ணக்கூடாதா, வீட்டை ஒழுங்கு பண்ணி வெச்சிருப்பேனே.” நாற்காலியிலிருந்த செய்தித்தாள்களை அள்ளினார். “ஆஸ்பத்திரிச் சீட்டைப் பாத்தீங்களா? ‘படுக்கை’க்கு ஒரு தொகை, ‘படுக்கை வசதி’க்கு ஒரு தொகை. வசதி இல்லாத படுக்கையில யாரைய்யா படுக்க வெப்பீங்கன்னு கேட்டேன். ஒண்ணை அடிச்சுட்டாங்க.”

“ஆபரேஷன் ஆச்சா சார்?”

“நல்லபடியா ஆச்சு. நேத்து உக்காரவே வெச்சுட்டாங்க. உக்காந்ததும் என்ன கேட்டாங்க தெரியுமா? ‘பில்லைப் படிச்சீங்களா’ன்னு கேட்டாங்க. முப்பது வருஷம் என்கிட்ட இருந்தவங்க, பின்ன?”

அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். “சார், உங்க கடிதம் திங்கக்கிழமையே என் மேஜைக்கு வந்துடுச்சு. நான்தான் விக்காம வெச்சிருந்தேன். நீங்க வாபஸ் வாங்குவீங்கன்னு நெனச்சேன். அப்புறம் புதன்கிழமை வந்துதுன்னு பொய்யும் எழுதினேன்.”

“தெரியுமே” என்றார் அவர், ஏதோ மழை வரும்போலிருக்கிறது என்று யாரோ சொன்னதற்குப் பதில் போல. “தேதியைப் பாக்காம விடுவேனா? நாப்பத்தோரு வருஷம் கல்யாணப் பத்திரிகை அடிச்சவன் மேடம் நான். தேதி தப்பாப் போனா மாப்பிள்ளை ஒரு நாள் வருவான், பொண்ணு ஒரு நாள் வரும்.”

“அப்ப ஏன் வட்டம் போடலை?”

“போட்டா உங்க கைக்கு மட்டுமா வரும்? கீழ முத்திரை குத்தற பொண்ணு பாக்கும். ஸ்கேன் பண்றவர் பாப்பார். உங்க மேலாளர் பாப்பார். புள்ளி, கட்டம்னா எல்லாரும் பாத்துச் சிரிக்கட்டும்னுதான் போடறேன். இது சிரிக்கற விஷயமா? தவிர, பன்னிரண்டு தடவை உங்களை அலைக்கழிச்சது யாரு? நான்தானே.”

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துச் சட்டையில் துடைத்தார். துடைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல், முதல் முறையாகக் குரலில் சலிப்போடு சொன்னார்:

“ஆனா ஒண்ணு சொல்வேன். கோவிச்சுக்காதீங்க. நான் ரெண்டு வருஷமா தினம் போன் பண்றேன். ரெண்டு நாள் பண்ணலை. நீங்க ஒரு தடவை பண்ணியிருக்கலாம் மேடம். ‘என்னய்யா, உயிரோட இருக்கியா’ன்னு கேக்கறதுக்காவது. கேட்டிருந்தா செவ்வாய்க்கிழமையே எல்லாம் சரியாப் போயிருக்கும்.”

அவளுக்குச் சூடாகக் குடித்த அந்தக் காபி ஞாபகம் வந்து, நாக்கில் கசந்தது.

“குறைஞ்ச தொகையை என்ன பண்ணீங்க சார்?”

“மீதியைப் பின்னால கட்டறேன்னு ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பறாங்க, அதுக்குள்ள கட்டணும். மத்ததெல்லாம்தான் அஞ்சு வருஷத்துக்குப் பூட்டி வெச்சுட்டீங்களே! மச்சான்கிட்ட கேக்கணும்.” மச்சான் என்றபோது அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல் ஆயிற்று. “குடுப்பான். குடுக்காம இருக்க மாட்டான். குடுத்துட்டு, ‘அச்சகத்தை வித்த பணத்தை யார்கிட்டயோ குடுத்துட்டு என்கிட்ட வந்து நிக்கறியே’ன்னு ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டுவான். வீட்டுல விசேஷம்னா மைக்குல சொல்வான். புதன்கிழமை ராத்திரி வரைக்கும் தள்ளிப்போடலாம்னு பாக்கறேன்.”

“நீங்க ஒரு புகார் எழுதிக் குடுங்க சார். எங்க ஆபீஸ் அந்தத் தொகையைக் குடுத்தாகணும்.”

“உங்க வேலை?”

அவள் மேஜைமேல் இருந்த சிவப்புப் பேனாக்களைப் பார்த்தாள்.

“அதானே. புகாரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.”

“அப்ப நான் குடுக்கறேன். என் தப்புக்கு நான்தானே…”

“நல்லாயிருக்கே! உங்ககிட்ட காசு வாங்கிட்டு, அப்புறம் தினம் காலையில எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போன் பண்ணுவேன்? கூச்சமா இருக்காதா? உக்காருங்க மேடம், டீ போடறேன். சர்க்கரை எத்தனை கரண்டி?”

டீயில் சர்க்கரை கூடிவிட்டது. அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அவர் தம்ளர்களைக் கழுவ உள்ளே போனபோது, சிவப்பு வட்டங்களுக்கு நடுவே ஆஸ்பத்திரிச் சீட்டின் மேல்மூலையில் இருந்த எண்ணை ஒரு முறை வாசித்தாள். எண்களை ஞாபகம் வைத்துக்கொள்வது அவளுக்குக் கஷ்டமே அல்ல.

திங்கட்கிழமை மேலாளர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். திங்கட்கிழமை முத்திரை குத்திய கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

மேலாளர் கடிதத்தை விரலால் தொடாமல் பார்த்தார். “வாடிக்கையாளர் புகார் குடுத்தாரா?”

“இல்லை. குடுக்க மாட்டேங்கறார்.”

“அப்ப என்ன பிரச்சினை? புகார் இல்லேன்னா தப்பு இல்லை. தப்பு இல்லேன்னா இழப்பீடு இல்லை. போய் வேலையைப் பாருங்க.”

“தேதி பொய் சார். நான் எழுதினது.”

“யாரும் கேக்கலையேம்மா!”

“கேக்கறதுக்கு முன்னாடி திருத்தணும்னுதான் வந்தேன்.”

மேலாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “அந்தாள் தினம் ஒன்பது அஞ்சுக்கு என் உயிரை வாங்கறார்னு நீங்கதானே புலம்புவீங்க? இப்ப நீங்க காலங்காத்தால என் உயிரை வாங்கறீங்க. திருத்தினா மேலிடத்துக்குத் தானாப் போகும், தெரியுமில்ல? எச்சரிக்கைக் கடிதம் வரும். இந்த வருஷ போனஸ் போயிடும்.”

“போகட்டும் சார்.”

“இழப்பீடு மட்டும் வராது. விதி அப்படி. புகார் வேணும்.”

“சரி சார்.”

“சரியாம், சரி!” என்று மேலாளர் கூரையைப் பார்த்துச் சொன்னார். அவள் தன் மேஜைக்கு வந்து, புதன்கிழமையை அழித்துத் திங்கட்கிழமையைப் போட்டாள். ‘தாமதம் என்னுடையது’ என்று குறிப்பில் எழுதிப் பேரைப் போட்டாள். அன்று மத்தியானம் பசித்தது. டப்பாவை வழித்துச் சாப்பிட்டாள். சாயங்காலம் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில் இரண்டு காற்புள்ளி விட்டுப்போயிருந்ததை அவள் கவனித்தாள். அவளுக்கும் தொற்றிவிட்டது போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கே, சால்வையைக்கூடப் போர்த்தாமல், அவளே போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தினாள்.

“சார், நான்தான். எப்படி இருக்கீங்க? பைண்டிங்கம்மா எப்படி இருக்காங்க?”

“என்ன மேடம், இந்நேரத்துக்கு!” வாயில் நுரையோடு பேசுகிறார் என்று தெரிந்தது. “பல்லு தேச்சுக்கிட்டிருக்கேன். மார்க்கெட்டுக்கு ஏதாவது ஆயிடுச்சா?”

“மார்க்கெட்டுக்கு ஒண்ணும் இல்லை. சும்மாதான் கேட்டேன்.”

“சும்மாவா? சும்மா யாராவது போன் பண்ணுவாங்களா? எதையோ மறைக்கறீங்க. விழுந்துடுச்சா?”

பக்கத்து மேஜைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் இருபது நிமிஷம், சந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். புண்ணியம் செய்யப் போனாலும் இப்படித்தான் முழங்கை இடித்துக்கொள்கிறது. ஆனாலும் மனசு முன்போல எரியவில்லை.

போனை வைத்த பிறகு தன்னுடைய கணக்கைத் திறந்தாள். பத்து வருஷமாக மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வைத்த ஃபண்ட். சந்தை இன்னும் எழுந்திருக்கவில்லை; அவளுடையதும் எல்லாருடையதையும் போலத் தரையில்தான் கிடந்தது. விழுந்திருக்கும்போது விற்காதீர்கள், விற்காதீர்கள் என்று நூற்றுப் பத்துப் பேருக்குத் தொண்டை வறளச் சொன்னவள். அவளுக்கு அப்படிச் சொல்ல யாரும் வரவில்லை. வேண்டிய அளவுக்கு விற்றாள்.

புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பைண்டிங்கம்மா மூன்றாவது மாடியில் இருந்தாள். இவள் அங்கே போகவில்லை. முகமறியாத ஒருத்தி போய் நின்றால், யார் என்ன என்று கேள்வி வரும். முதல் மாடியில், எக்ஸ்ரே அறைக்கு எதிரே, நடைக்கூடத்து முடிவில் ஒரு பணம் கட்டும் இயந்திரம் நின்றது. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தரை துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை.

சீட்டு எண்ணை அழுத்தினாள். திரையில் ஒரு பெண்ணின் பேர் வந்தது. இத்தனை நாளும் பைண்டிங்கம்மா என்று மட்டுமே அவள் கேட்டிருந்தவளுக்கு இப்படி ஒரு பேர் இருக்கிறது. அதற்குக் கீழே பாக்கித் தொகை. அவள் கணக்குப் போட்டு வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது. ‘படுக்கை வசதி’யை அடித்துவிட்டார்கள் அல்லவா! அவளுக்குச் சிரிப்பு வந்தது. அட்டையைச் செருகினாள். தொகை போய்ச் சேர்ந்தது. பாக்கி என்ற இடத்தில் ஒரு பூஜ்யம் வந்து உட்கார்ந்தது.

‘செலுத்துபவர் பெயர்? விரும்பினால் மட்டும்.’

அந்தக் கட்டத்தை அவள் வெறுமையாக விட்டாள்.

‘ரசீது வேண்டுமா?’

வேண்டாம் என்பதை அழுத்தினாள். இயந்திரம் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்காகத் திரையைத் துடைத்து வைத்துக்கொண்டது. லிஃப்ட் வரத் தாமதமாயிற்று. ஈரத்தில் வழுக்காமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவள் படியிலேயே இறங்கினாள்.